பின்வரிசை எம்.பி. அவையில் என்ன பேசினார்? வட சென்னை வாக்காளருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தேர்தல் நெருங்கும்போது வட சென்னைத் தெருக்களில் இரண்டு விதமான பேச்சு கேட்கும். "நம்ம எம்.பி. டெல்லில வாயே தொறக்கல" என்பது ஒன்று. அவர் ஆவேசமாகப் பேசும் ஒரு நிமிடக் காணொளியை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "பாரு, எப்படிக் கேட்டாரு பாரு" என்பது மற்றொன்று. இந்த இரு தரப்பிலும் அவைக் குறிப்பைத் திறந்து பார்த்தவர்கள் மிகக் குறைவு. தண்டையார்பேட்டையில் நாங்கள் ஐந்தாறு பேர் மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடி, உள்நாட்டுக் கொள்கை பற்றிய விவாதங்களில் பின்வரிசை உறுப்பினர்கள் சொன்னவற்றைப் படித்துவருகிறோம். அதில் பழகிய வழிமுறையையும், செய்த தவறுகளையும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன்.

தொடங்குமுன் ஒரு கோடு போட்ட நோட்டுப் புத்தகம் வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் ஐந்து கட்டங்களாகப் பிரித்து, தேதி, பிரச்சினை, எந்த நடைமுறையின் கீழ் எழுப்பப்பட்டது, உறுப்பினர் கேட்டது, அரசு சொன்னது என்று தலைப்பிடுங்கள். உறுப்பினரின் பேச்சுகளையெல்லாம் வரிசையாகப் படிக்க முயன்றால் பத்து நாளில் சலித்துவிடும். ஒரே ஒரு பிரச்சினையை எடுத்துக்கொண்டு, அது கேள்வியாகி, பதிலாகி, மறுபடியும் கேள்வியாகிறதா என்று பின்தொடர்வதே பயன் தரும். மேசையைத் தட்டி ஒரு முறை பேசியவரைவிட, ஒரே ரயில்வே கேட்டைப் பற்றி மூன்று கூட்டத்தொடர்களில் மூன்று விதமாகக் கேட்டவர் மேலானவர் என்பது என் கருத்து.

முதல் படி: எவருடைய பதிவைப் படிக்கிறீர்கள்?

அமைச்சராகவோ, அவையை நடத்துபவராகவோ, கட்சித் தலைவராகவோ இல்லாத சாதாரண உறுப்பினரைத்தான் பின்வரிசை உறுப்பினர் என்கிறோம். அவர் ஆளுங்கட்சியாகவும் இருக்கலாம், எதிர்க்கட்சியாகவும் இருக்கலாம். ஒரே தொகுதியின் வரலாற்றிலேயே இந்த நிலை மாறிக்கொண்டிருக்கும். வட சென்னையில் 1957-இல் சுயேச்சையாக வென்ற தொழிற்சங்கத் தலைவர் எஸ்.சி.சி. அந்தோணிப் பிள்ளை எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்டளையிடும் கட்சிக் கொறடா எவருக்கும் கட்டுப்படாத உறுப்பினர். 1980-இல் வென்ற கோ. லட்சுமணன் மக்களவைத் துணைத் தலைவரானார். அவைத்தலைவர் நாற்காலியில் அமர்ந்திருப்பவர் அந்த நேரத்தில் விவாதத்தில் பங்கேற்பதில்லை. 1984-இல் வென்ற என்.வி.என். சோமு அப்போது எதிர்க்கட்சி உறுப்பினர். 1996-இல் மீண்டும் வென்றபோது பாதுகாப்புத் துறை இணை அமைச்சரானார். ஆகவே அவருடைய இரண்டாவது காலத்துப் பதிவில் உள்ளவை அரசின் பதில்கள். அவற்றைத் தொகுதியின் குரலாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளக் கூடாது. 2019-லும் 2024-லும் வென்ற கலாநிதி வீராசாமியின் பதிவைப் படிப்பவர்களுக்கும் இதே விதிதான்: அந்தந்த நாளில் அவர் எந்த இடத்திலிருந்து பேசினார் என்பதை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஆளுங்கட்சியின் பின்வரிசையில் இருப்பவர் எதுவும் செய்ய இயலாது என்று எண்ண வேண்டாம். 1957 டிசம்பரில் ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் பணம் தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் நிறுவனப் பங்குகளில் முடக்கப்பட்டதைப் பற்றி மக்களவையில் ஆதாரங்களோடு பேசிய பெரோஸ் காந்தி, ஆளும் காங்கிரஸ் உறுப்பினர். அப்போதைய பிரதமரின் மருமகனும்கூட. நீதிபதி சாக்ளா விசாரணைக்குப் பின் 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார்.

இரண்டாம் படி: தொகுதி எல்லையையும் அதிகார எல்லையையும் சரிபாருங்கள்

எங்கள் குழு முதல் ஆண்டில் மிகுதியாகத் தடுமாறிய இடம் இதுதான். இன்றைய வட சென்னை மக்களவைத் தொகுதியில் திருவொற்றியூர், டாக்டர் ராதாகிருஷ்ணன் நகர், பெரம்பூர், கொளத்தூர், திரு.வி.க. நகர், ராயபுரம் ஆகிய ஆறு சட்டமன்றத் தொகுதிகள் உள்ளன. கத்திவாக்கமும் மணலியும் திருவொற்றியூருக்குள் வருகின்றன. ஆனால் காமராஜர் துறைமுகமும் அத்திப்பட்டு அனல் மின் நிலையமும் பொன்னேரி சட்டமன்றத் தொகுதியில் இருப்பதால், திருவள்ளூர் மக்களவைத் தொகுதியைச் சேர்ந்தவை. சாம்பல் படிவது எண்ணூரில். புகைபோக்கி இருப்பது அடுத்த தொகுதியில். ஆகையால் எண்ணூர்க் கழிமுகத்தைப் பற்றித் தேடும்போது இரு தொகுதி உறுப்பினர்களின் பெயர்களிலும் தேட வேண்டும். இது தெரியாமல் "ஒரு கேள்வியும் கேட்கவில்லை" என்று முடிவு கட்டினால் அது அநியாயம்.

அதிகார எல்லை இதைவிட முக்கியமானது. அரசமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணை, ஒன்றியப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல் என்று துறைகளைப் பிரித்துள்ளது. ரயில்வேயும் பெருந்துறைமுகங்களும் ஒன்றிய அரசுக்குரியவை. காவல், பொதுச் சுகாதாரம், குடிநீர் ஆகியவை மாநிலத்துக்குரியவை. மின்சாரம் பொதுப் பட்டியலில் உள்ளது. கல்வி 1976-இல் நிறைவேறிய 42-ஆம் திருத்தத்தால் அங்கே மாற்றப்பட்டது. இந்திய அரசின் பொறுப்பில் இல்லாத பொருளைப் பற்றிய கேள்வியை மக்களவைச் செயலகம் ஏற்பதில்லை. கொடுங்கையூர்க் குப்பைக் கிடங்கை மாநகராட்சி நடத்துகிறது. அதைப் பற்றி நேராகக் கேட்டால் கேள்வி தள்ளுபடியாகும். தூய்மை இந்தியா திட்டத்தில் பழைய குப்பையை அகற்ற ஒதுக்கிய நிதி எவ்வளவு, செலவானது எவ்வளவு என்று கேட்டால் உள்ளே வரும். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தைப் பற்றி மீன்வள அமைச்சகத்தின் திட்டங்கள் வழியாகவும், கன்டெய்னர் லாரிகளின் வரிசையைப் பற்றித் துறைமுக அமைச்சகம் வழியாகவும் கேட்கலாம். ஒரு பின்வரிசை உறுப்பினரின் உழைப்பை, அவர் எந்த அமைச்சகத்தின் கதவை எந்தச் சொல்லால் தட்டினார் என்பதிலிருந்தே பெருமளவு கணித்துவிடலாம்.

மூன்றாம் படி: எந்த நடைமுறையில் எழுப்பினார் என்று பாருங்கள்

"மக்களவையில் பேசினார்" என்ற ஒரே தொடருக்குள் ஏழெட்டு வெவ்வேறு நடைமுறைகள் அடங்கியுள்ளன. ஒவ்வொன்றுக்கும் எடை வேறு.

கேள்வி நேரம் காலை 11 மணிக்குத் தொடங்கும். நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் அவையில் எழுந்து பதில் சொல்ல வேண்டும்; கேட்ட உறுப்பினர் இரண்டு துணைக் கேள்விகள் கேட்கலாம். ஒரு நாளைக்கு 20 கேள்விகளே இந்தப் பட்டியலில் வரும். ஒரு மணி நேரத்தில் அவற்றில் சிலவே எட்டப்படும். குறியற்ற கேள்விகள் நாளுக்கு 230 வரை. எழுத்துப்பூர்வமான பதில் மட்டும் கிடைக்கும், துணைக் கேள்விக்கு இடமில்லை. எவருடைய கேள்வி எந்த இடத்தில் வரும் என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கிறது. அதனால் ஒருவருக்கு நட்சத்திரக் கேள்வி வாய்த்ததைத் திறமை என்றும், வாய்க்காததைச் சோம்பல் என்றும் சொல்வதற்கில்லை. நாங்கள் குறியற்ற கேள்விகளையே அதிகம் மதிக்கிறோம். அங்கே ஆரவாரம் இராது. ஆனால் பதிலோடு இணைப்பாக வரும் அட்டவணையில் மாவட்டவாரியான, திட்டவாரியான எண்கள் கிடைக்கும். மனு மேல் மனு போட்டும் கிடைக்காத தகவல் சில நேரம் அங்கே சாதாரணமாகக் கிடக்கும்.

நண்பகலில் தொடங்கும் பூஜ்ய நேரம் விதிப் புத்தகத்தில் இல்லாத ஒரு வழக்கம். உறுப்பினருக்கு ஓரிரு நிமிடங்கள் கிடைக்கும். அமைச்சர் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வாட்ஸ்அப்பில் வரும் காணொளிகளில் பெரும்பாலானவை இந்த நேரத்தைச் சேர்ந்தவை. இதற்கு நேர்மாறாக ஊடகங்கள் கண்டுகொள்ளாதது விதி 377. அதன் கீழ் 250 சொற்களுக்கு மிகாத ஒரு கோரிக்கையை உறுப்பினர் முன்வைக்கலாம். அதற்குத் துறை அமைச்சரிடமிருந்து கடிதமாகப் பதில் வர வேண்டும் என்பது நடைமுறை. தொகுதிப் பிரச்சினைக்கு இது பொருத்தமான வழி என்றாலும், அந்தக் கடிதம் பொதுவெளிக்கு வருவது அரிது. வந்த பதிலை வெளியிடும் உறுப்பினரைப் பாராட்டலாம். வெளியிடாதவரிடம் கேட்டு வாங்கலாம்.

அவசரப் பொது முக்கியத்துவம் வாய்ந்த பொருளுக்குக் கவன ஈர்ப்பும், வாக்கெடுப்பு இல்லாத குறுகிய கால விவாதத்துக்கு விதி 193-உம் உண்டு. மசோதா விவாதங்களில் உறுப்பினர் திருத்தங்கள் கொடுத்தாரா என்று தனியாகப் பாருங்கள். தோற்றாலும், அந்தத் திருத்தத்தின் வாசகம் அவர் மசோதாவை உட்பிரிவு வரை படித்தாரா என்பதைக் காட்டிவிடும். பட்ஜெட் கூட்டத்தொடரில், அமைச்சகங்களின் செலவுக்கு அவையின் ஒப்புதல் கேட்கும் மானியக் கோரிக்கைகள் மீது கொடுக்கப்படும் வெட்டுத் தீர்மானங்களும் இப்படியே. ஒரு குறிப்பிட்ட குறையைச் சுட்டி, ஒதுக்கீட்டில் 100 ரூபாயைக் குறைக்கக் கோரும் அடையாள வெட்டுத் தீர்மானத்தால் பணம் குறையாது, குறை பதிவாகும். ஆண்டுதோறும் சில அமைச்சகங்களின் கோரிக்கைகளே விவாதிக்கப்படுகின்றன; மற்றவை கடைசி நாளில் ஒட்டுமொத்தமாக நிறைவேறிவிடுகின்றன.

வெள்ளிக்கிழமைகளில் கடைசி இரண்டரை மணி நேரம், அமைச்சர் அல்லாத உறுப்பினர்கள் கொண்டுவரும் தனிநபர் மசோதாக்களுக்கும் தீர்மானங்களுக்கும் உரியது. இதுவரை சட்டமான தனிநபர் மசோதாக்கள் 14 மட்டுமே; கடைசியாக ஒன்று நிறைவேறியது 1970-இல். அப்படியானால் இது வீண் வேலையா என்று கேட்டால், திருச்சி சிவா மாநிலங்களவையில் கொண்டுவந்த திருநர் உரிமை மசோதாவைச் சொல்வேன். 2015 ஏப்ரல் 24 அன்று அந்த அவை அதை நிறைவேற்றியது. மக்களவையில் அது நிறைவேறவில்லை. ஆனால் அரசே பின்னர் தன் மசோதாவைக் கொண்டுவர நேர்ந்து, 2019-இல் ஒரு சட்டம் வந்தது. அந்தச் சட்டம் மூல மசோதாவைவிட நலிந்தது என்ற விமர்சனம் பலமாக எழுந்தது. இரண்டின் வாசகங்களையும் ஒப்பிட்டுப் படிப்பது புதியவர்களுக்கு நல்ல பயிற்சி.

நான்காம் படி: பதிவை எடுங்கள்

நாடாளுமன்றத்தின் 'சன்சத்' இணையதளத்தில் உறுப்பினரின் பெயரை வைத்துக் கேள்விகளையும் விவாதங்களையும் தேடலாம். திருத்தப்படாத பதிவு விரைவில் வந்துவிடும். திருத்திய பதிப்பு பிறகு வரும். 1952 முதலான பழைய விவாதத் தொகுப்புகள் நாடாளுமன்ற மின்னூலகத்தில் உள்ளன. சன்சத் டி.வி.யின் காணொளிகளும் உண்டு. தேடும்போது ஊர்ப்பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி மாற்றிப் போடுங்கள். கொருக்குப்பேட்டையை எழுதுபவர்கள் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். தொகுதியின் பெயர் பழைய பதிவுகளில் 'மெட்ராஸ் நார்த்', இன்று 'சென்னை நார்த்'. நாம் சொல்லும் 'நார்த் மெட்ராஸ்' எதிலும் அகப்படாது.

ஐந்தாம் படி: பதிவிலுள்ள குறிகளைப் படியுங்கள்

இதைக் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்லிவிடுகிறேன். துறைமுகச் சாலை நெரிசலைப் பற்றிய ஒரு நல்ல உரையை அவைக் குறிப்பிலிருந்து எடுத்து, தமிழில் சுருக்கி, "அவையில் முழங்கினார்" என்று தலைப்பிட்டுத் தெருவில் பலருக்கும் அனுப்பினேன். காசிமேட்டில் ஐஸ் வியாபாரம் செய்யும் பெரியவர் ஒருவர், "முழங்குனாரு முழங்குனாருன்றியே, வீடியோ எங்கப்பா?" என்று கேட்டார். தேடினேன், இல்லை. திரும்பவும் குறிப்பைப் பார்த்தபோதுதான், உரையின் தலைப்பருகே ஒரு நட்சத்திரமும் பக்கத்தின் அடியில் "மேசையில் வைக்கப்பட்டது" என்ற ஒரு வரியும் இருப்பது கண்ணில் பட்டது. நேரம் போதாதபோது, பட்ஜெட் போன்ற பெரிய விவாதங்களில், எழுதிய உரையை அவை மேசையில் வைக்க உறுப்பினர்களை அனுமதிப்பார்கள். அது பதிவில் பேசியதைப் போலவே அச்சாகும். அதில் குற்றமில்லை, சில நேரம் மேசையில் வைத்த உரையில்தான் சரக்கு அதிகம். ஆனால் அமைச்சர் அதைக் காதால் கேட்கவில்லை என்பதை நோட்டுப் புத்தகத்தில் குறித்தாக வேண்டும்.

வேறு சில குறிகளும் உண்டு. அவைத்தலைவர் நீக்கிய சொற்களின் இடத்தில் நட்சத்திரங்கள் இருக்கும். 'குறுக்கீடுகள்' என்று அடைப்புக்குள் வரும் இடத்தில் கூச்சல் நடந்தது என்று பொருள். என்ன கூச்சல் என்பது காணொளியில்தான் தெரியும். ஒருவர் எழுப்பிய பொருளோடு தங்களை இணைத்துக்கொண்டவர்களின் பெயர்கள் கீழே வரிசையாக வரும். அவர்கள் அன்றைக்குப் பேசியவர்கள் அல்லர், உடன்பட்டவர்கள் மட்டுமே. தமிழில் ஆற்றிய உரை, மூலம் தமிழ் என்ற குறிப்போடு ஆங்கில மொழிபெயர்ப்பாக இருக்கும். அரசமைப்பின் 120-ஆம் கூறு அவையின் மொழிகளாக இந்தியையும் ஆங்கிலத்தையும் குறிப்பிட்டு, அவற்றில் போதிய அளவு பேச இயலாதவரைத் தாய்மொழியில் பேச அவைத்தலைவர் அனுமதிக்கலாம் என்கிறது. மொழிபெயர்ப்பில் குத்தல் மழுங்கிவிடும். "வாழ்வாதாரம் போச்சு" என்று ஒருவர் குரல் தழுதழுத்துச் சொன்னது, பதிவில் வறண்ட ஒரு வாக்கியமாகக் கிடக்கும். தமிழ் உரைகளுக்குக் காணொளியை அவசியம் பாருங்கள்.

ஆறாம் படி: பதிலைக் கேள்வியைவிடக் கவனமாகப் படியுங்கள்

எழுத்துப்பூர்வப் பதில்களுக்கென்றே ஒரு நடை இருக்கிறது. கேள்வியின் நான்கு பகுதிகளுக்கும் சேர்த்து ஒரே பத்தியில் பதில் வந்தால், அவற்றில் ஒன்றாவது விழுங்கப்பட்டிருக்க வாய்ப்புண்டு. எது என்று ஒவ்வொன்றாகப் பொருத்திப் பாருங்கள். முதல் பகுதிக்கு 'இல்லை' என்று சொல்லிவிட்டு, மீதிக்கு 'கேள்வி எழவில்லை' என்று முடிப்பது மற்றொரு வழி. "விபத்தால் மீனவர்கள் பாதிக்கப்பட்டார்களா?" என்ற கேள்விக்கு எளிதாக மறுப்புச் சொல்லலாம். "மிக்ஜாம் புயலையொட்டி 2023 டிசம்பரில் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவிய எண்ணெய் எவ்வளவு, அகற்றப்பட்டது எவ்வளவு, இழப்பீடு பெற்றவர்கள் எத்தனை பேர்?" என்ற கேள்விக்கு எண் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், அல்லது இல்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

"தகவல் திரட்டப்படுகிறது; அவை முன் வைக்கப்படும்", "பரிசீலனையில் உள்ளது" போன்ற தொடர்களைக் கண்டால் சிவப்பு மையில் அடிக்கோடிடுங்கள். அமைச்சர் அவையில் தரும் உறுதிமொழிகளைக் கண்காணிக்க அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று உள்ளது; உறுதிமொழியை மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும் என்பது விதி. கால நீட்டிப்புக் கேட்பதும், உறுதிமொழியைக் கைவிட அனுமதி கேட்பதும் உண்டு. அவையெல்லாம் அந்தக் குழுவின் அறிக்கைகளில் வரும். நல்ல பின்வரிசை உறுப்பினர் முதல் பதிலின் ஓட்டையைப் பிடித்து அடுத்த கூட்டத்தொடரில் மறுபடியும் கேட்பார். அந்த இரண்டாவது கேள்வி இருக்கிறதா என்பதே எங்கள் குழுவின் முக்கியமான அளவுகோல்.

ஏழாம் படி: நேரத்தையும் கொறடாவையும் கணக்கில் வையுங்கள்

விவாத நேரம் கட்சிகளின் பலத்துக்கேற்பப் பிரிக்கப்படுகிறது. எட்டு மணி நேர விவாதம் என்றால் 480 நிமிடம். 543 பேர் கொண்ட அவையில் 22 உறுப்பினர்களை உடைய தி.மு.க.வுக்கு உத்தேசமாக 19 நிமிடம் வரும். அதை இரண்டு, மூன்று பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு ஆறு முதல் ஒன்பது நிமிடம். எவர் பேசுவது என்பதைக் கட்சியே முடிவு செய்து பெயர் கொடுக்கும். ஆகவே ஒரு பெரிய மசோதாவில் நம் உறுப்பினர் பேசவில்லை என்றால், கட்சி பெயர் கொடுக்காமல் இருந்திருக்கலாம். கேள்விகளும் விதி 377-உம் தனிநபர் மசோதாவும் ஓரளவு அவருடைய சொந்த முயற்சியைக் காட்டுபவை. அவற்றில் பதிவு வெறுமையாக இருந்தால் அந்தச் சாக்கு செல்லாது.

1985-இல் 52-ஆம் திருத்தத்தால் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்துக்குப் பின், கொறடாவின் கட்டளையை மீறி வாக்களிப்பவர் பதவியையே இழக்கலாம். எனவே வாக்கைவிடப் பேச்சில்தான் உறுப்பினரின் சொந்தச் சிந்தனை கொஞ்சமாவது தெரியும். குரல் வாக்கெடுப்பில் எவர் எப்படி வாக்களித்தார் என்ற பதிவே இராது. பிரிவு வாக்கெடுப்பு கேட்கப்பட்டால்தான் பெயர்கள் வரும்.

எண்ணிக்கைகளைப் பற்றி

பி.ஆர்.எஸ். போன்ற ஆய்வமைப்புகள் வெளியிடும் வருகை, கேள்வி, விவாத எண்ணிக்கைகள் தொடக்கத்துக்கு உதவும். மாநில, தேசிய சராசரியோடு ஒப்பிடலாம். அமைச்சர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ஒரே கேள்வியைப் பல உறுப்பினர்கள் சேர்ந்து கொடுப்பதும் உண்டு என்பதால், ஐந்நூறு கேள்வி கேட்டவர் ஐந்நூறு தடவை சிந்தித்தார் என்று கொள்ள வேண்டாம். ஐம்பது கேள்விகளை எடுத்து, அவற்றில் தொகுதியைத் தொட்டவை எத்தனை, பொதுக் கொள்கையைத் தொட்டவை எத்தனை, வெறும் தகவல் கேட்டவை எத்தனை என்று பிரியுங்கள். தொகுதி நிதியில் கட்டிய நிழற்குடைகளை இந்தக் கணக்கில் கலக்காதீர்கள். அது வேறு வேலை. துறைசார் நிலைக்குழுக்களின் கூட்டங்கள் கதவடைத்து நடப்பதால் அங்கே உறுப்பினர் பேசியது நமக்குத் தெரியாது. அறிக்கையின் பின்னிணைப்பில் உள்ள வருகைப் பட்டியலையும் மறுப்புக் குறிப்புகளையும் மட்டும் பார்க்கலாம்.

கடைசிப் படி: அடுத்த கேள்விக்கு நீங்களே சரக்குக் கொடுங்கள்

இவ்வளவு படித்த பிறகு உறுப்பினரின் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதலாம். கேள்விக்கான அறிவிப்பை 15 முழு நாட்களுக்கு முன்பே கொடுக்க வேண்டும். கேள்வி சாதாரணமாக 150 சொற்களுக்குள் இருக்க வேண்டும். அமைச்சகங்கள் வாரத்தின் ஐந்து நாட்களுக்கும் பங்கிடப்பட்டிருப்பதால், எந்த அமைச்சகத்துக்கு எந்த நாள் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கூட்டத்தொடர் தொடங்க ஒரு மாதம் இருக்கும்போதே கடிதம் போய்ச் சேருவது நல்லது. பட்ஜெட் கூட்டத்தொடர் ஜனவரி இறுதியிலும், மழைக்காலக் கூட்டத்தொடர் ஜூலையிலும், குளிர்காலக் கூட்டத்தொடர் நவம்பர் கடைசியிலோ டிசம்பரிலோ தொடங்குவது வழக்கம்.

"வட சென்னை புறக்கணிக்கப்படுகிறது, ஆவன செய்க" என்று எழுதினால் அது கோப்பில் தூங்கும். ரயில்வே கேட்டின் பெயர், மேம்பாலப் பணிக்கு ரயில்வேயின் பங்குத் தொகை ஒதுக்கப்பட்டதா, எந்த ஆண்டில், இதுவரை செலவானது எவ்வளவு, முடியும் தேதி எது என்று நான்கு பகுதிகளாக எழுதி, முன்பு கிடைத்த பதிலின் தேதியையும் கேள்வி எண்ணையும் மேலே குறித்து, ஒரே பக்கத்தில் முடித்துக் கொடுங்கள். அப்படியே தட்டச்சு செய்து அனுப்பக்கூடிய வடிவில் இருந்தால் அலுவலக உதவியாளருக்கும் வேலை குறையும். பதில் வந்த நாளில் நோட்டுப் புத்தகத்தின் ஐந்தாவது கட்டத்தை நிரப்புங்கள். அதில் உறுதிமொழி ஏதாவது இருந்தால், மூன்று மாதம் கழித்து வரும் தேதியையும் அதே வரியில் பென்சிலால் குறித்துவிடுங்கள்.